யாருடைய பாவம்? தமிழ்க் கிறித்தவத்தில் அன்பும் மனந்திரும்புதலும்

போன மாதம் ஒரு மாணவர் பயிற்சி முகாம். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "இயேசு சொன்னது அன்பு. அதை மட்டும் பேசினால் போதாதா? பாவம், மனந்திரும்பு, நரகம் என்று எதற்குப் பயமுறுத்த வேண்டும்?"

பலரும் தலையாட்டினார்கள். நானும் ஏறக்குறைய ஒத்துக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தேன். சின்ன வயதில் கேட்ட நற்செய்திக் கூட்டங்களின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போது முகாமுக்குச் சமைக்க வந்திருந்த ஒரு பாட்டி, பாத்திரம் கழுவிய ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாவத்தப் பத்தி எங்ககிட்ட நெறையப் பேசிட்டாங்க கண்ணு. அவங்ககிட்டதான் ஒருத்தரும் பேசல."

பாட்டி சொன்னது தமிழ்நாட்டுக் கிறித்தவத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு. மாணவியின் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர், போகாதவர், கடவுளே இல்லை என்பவர் என எல்லாத் தோழர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

தரங்கம்பாடி: பலவீனர் யார்?

1706-ல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் மிஷனரிகள் இவர்கள். டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டவர்கள். சீகன்பால்கு தமிழ் கற்றார், அச்சகம் வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இந்த உழைப்பை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

1718-ல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அந்த மிஷனின் சபைகளில் வெள்ளாளர் முதலிய "சூத்திர" கிறித்தவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், பறையர் கிறித்தவர்கள் வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். இராப்போஜனத்தில் ஒரே கிண்ணம் என்றால் அவர்கள் முதலில் குடிப்பார்கள், நம்மவர்கள் கடைசியில். சில இடங்களில் கிண்ணமே இரண்டு.

இந்தச் சபையின் ஆரம்பகால வரலாற்றில் இராஜநாயக்கன் என்று ஒருவர் வருகிறார். பறையர். தஞ்சை மராத்திய அரசரின் படையில் வேலை பார்த்தவர். பிறப்பால் கத்தோலிக்கர். தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தானே படித்து, அதனால் ஈர்க்கப்பட்டு லுத்தரன் சபைக்கு வந்தார். படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைப் பகுதியில் அடி வாங்கி, மிரட்டலைத் தாங்கி, பல பத்தாண்டுகள் சபைகளைக் கட்டினார். மிஷனரிகளே அவரைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. 1733-ல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் இந்திய லுத்தரன் குருவானார். 1741-ல் அடுத்ததாகத் தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. தகுதியில் குறை என்று யாரும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து அப்பமும் இரசமும் வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் தயங்குவார்கள், அதனால் திருவிருந்தின் மீதே அவர்களுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்பதுதான் காரணம். அவர் 1771-ல் உபதேசியாராகவே இறந்தார்.

தோழர்களே, இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இதற்குள் வெறுப்புப் பேச்சு எதுவும் இல்லை. எல்லாம் "அன்பின்" மொழி. விசுவாசத்தில் பலவீனமானவர்களைத் தாங்க வேண்டும், அவர்கள் மனதைப் புண்படுத்தக் கூடாது, காலம் வரும்போது தானாக மாறும் என்பதே அதன் சாரம். ஆனால் பலவீனர் என்று தாங்கப்பட்டவர் யார்? நிலமும் கௌரவமும் வைத்திருந்த வெள்ளாளர். தாங்க வேண்டியவராக ஆக்கப்பட்டவர்? இராஜநாயக்கன். தீண்டாமை பாவம் என்று அன்று சொல்லியிருந்தால், மனந்திரும்ப வேண்டியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டதால், பொறுத்துப் போகும் கடமை பாதிக்கப்பட்டவர் தலையில் விழுந்தது.

கத்தோலிக்கத் தரப்பும் இதே வழியில்தான் போனது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமணத் துறவி போல வாழ்ந்து, உயர்சாதியினருக்கென்று தனி ஆலயம் நடத்தினார். பின்னர் ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் போவதற்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவுக் குருக்கள் வந்தார்கள். 1744-ல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட், பறையர் வீடுகளுக்குள்ளும் போய் நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்கள் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்குக் கிடைத்த விடை, பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்குவது. ரோமிலிருந்து ஆணை வந்தபோதுகூடப் பிரிவினை போகவில்லை, ஆணைக்கு ஏற்றபடி தன்னைத் திருத்தி அமைத்துக்கொண்டது.

1833: பாவம் என்று சொன்னபோது என்ன நடந்தது?

தஞ்சையில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. அவருக்குப் பின்வந்த இளைய மிஷனரிகள் சிலர் இதை ஏற்கவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து திருவிருந்தில் பங்குகொள்ள வேண்டும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. அதன் முன்னணியில் இருந்தவர் சுவார்ட்ஸின் மாணவரும் பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியருமான வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் அவர் பெரிய பெயர். இன்றும் அவர் பாடல்கள் ஆலயங்களில் பாடப்படுகின்றன. அதே சாஸ்திரியார் 1829-ல் சாதி வேறுபாட்டை ஆதரித்து எழுதினார்.

அவருடைய வாதத்தின் சுருக்கம் இது: சாதி என்பது உலக மரியாதை, பழக்கவழக்கம், சுத்தம் சம்பந்தப்பட்டது. இரட்சிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. முந்தைய மிஷனரிகள் ஏற்றுக்கொண்டதை நேற்று வந்த நீங்கள் ஏன் கலைக்கிறீர்கள்? ஐரோப்பியர்களிடம் மட்டும் மேல் கீழ் இல்லையா?

கடைசிக் கேள்வி கூர்மையானதுதான். வெள்ளைக்காரர்கள் தங்கள் இனத் திமிரைக் கைவிடாமல் தமிழனுக்குச் சமத்துவப் பாடம் நடத்தியது உண்மை. ஆனால் முதல் வாதத்தைப் பாருங்கள். சாதியைப் பாவக் கணக்கிலிருந்து எடுத்து "உலக வழக்கம்" என்ற கணக்கில் எழுதியாகிவிட்டது. அதன்பிறகு எவ்வளவு அன்பைப் பிரசங்கித்தாலும் சாதிக்கு ஒரு கீறலும் விழாது.

1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றுமடல் அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்பது அதன் செய்தி. சாதி அவருக்கு வெறும் வழக்கம் அல்ல, நற்செய்திக்கு நேர் எதிரானது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை வேப்பேரியில் அது வாசிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் கலகம். உபதேசியார்கள் வேலையை விட்டார்கள். 1835-ல் வில்சன் நேரிலேயே வந்து பேசினார். சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை.

இந்த நிகழ்ச்சியில் நான் கவனிப்பது ஒன்றுதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அன்பைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு யாரும் எழுந்து வெளியே போகவில்லை. அயலானை நேசி என்ற கட்டளையை ஞாயிறுதோறும் கேட்டார்கள். ஆமென் சொன்னார்கள். தங்கள் பாயில் உட்கார்ந்தபடியே சொன்னார்கள். அந்தப் பாயைச் சுருட்டு என்று சொன்ன முதல் நாளிலேயே எழுந்து போனார்கள். எந்தச் சொல் யாருக்குச் சுட்டது என்பது வேப்பேரியில் வெட்டவெளிச்சமானது.

அன்பின் விருந்து

அடுத்த கட்டம் சாப்பாட்டில் வந்தது. ஆதிக் கிறித்தவர்கள் கூடி உண்ட உணவுக்கு அன்பின் விருந்து என்று பெயர். 1840-களிலும் 50-களிலும் மிஷனரிகள் இந்த விருந்தைச் சாதிக்கு எதிரான சோதனையாக மாற்றினார்கள். பறையர் சமைத்த சோற்றை எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாதவர் சாதியை விடவில்லை என்று பொருள். 1847-ல் அமெரிக்கன் மதுரை மிஷன் தன் ஊழியர்களிடம் இதைக் கட்டாயமாக்கியபோது உபதேசியார்களும் ஆசிரியர்களும் பெரும் எண்ணிக்கையில் விலகினார்கள். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு இப்படிப்பட்ட செயல் அடையாளத்தைக் காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

லைப்சிக் லுத்தரன் மிஷன் இதில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்ற அறிஞர். சாதி ஒரு சமூக அமைப்பு, அதைக் கட்டாயத்தால் உடைக்கக் கூடாது, நற்செய்தியின் அன்பு மெல்ல மெல்ல உள்ளிருந்து மாற்றும் என்றார். பிற மிஷன்களில் கோபித்துக்கொண்ட சாதிக் கிறித்தவர்கள் பலர் லைப்சிக் சபையில் போய்ச் சேர்ந்தார்கள். மெல்ல மாற்றும் என்ற அன்பு, சாதியோடு வர விரும்பியவர்களுக்கு வாசலாக இருந்தது.

எனினும் கட்டாய விருந்து நடத்தியவர்களை நாயகர்களாக்கவும் எனக்கு விருப்பமில்லை. சம்பளம் கொடுக்கும் முதலாளி, வேலைக்காரனின் இலையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடு என்று மிரட்டுவது மனந்திரும்புதல் ஆகாது. பலர் அன்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாதிக்குள் பெண் எடுத்தார்கள். மிஷனரிகளின் சோதனை சோற்றில் தொடங்கிச் சோற்றிலேயே முடிந்தது. நிலம் யாரிடம், கிணறு யாருக்கு, பண்ணையாள் முறை ஏன் என்ற கேள்விகளைப் பந்தியில் யாரும் பரிமாறவில்லை.

அந்தக் கேள்விகளைப் பறையர்கள்தான் கொண்டுவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, சேரி சேரியாக மக்கள் தாங்களே மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். மனை வேண்டும், பள்ளி வேண்டும், மிராசுதார் அடித்தால் நீதிமன்றத்தில் துணை வேண்டும் என்று கேட்டார்கள். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்றவர்கள் அந்தக் கோரிக்கையை அரசிடம் எடுத்துச் சென்றார்கள். 1891-ல் மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். 1892-ல் அதன்மீது அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அங்கே பாவம் என்பது பொதுவான வார்த்தையாக இல்லை. அதற்கு ஊர்ப் பெயரும் நிலத்தின் எல்லையும் இருந்தன.

பாவத்தை யாரிடம் பேசினார்கள்?

இப்போது முகாமில் கேட்ட மாணவிக்கு வருகிறேன். அவருடைய எரிச்சல் நியாயமானது. ஏனென்றால் சேரியில் பாவத்தைப் பற்றிய பிரசங்கம் எப்போதுமே குறைவில்லாமல் நடந்தது. குடிக்கிறாய், பாவம். மாட்டுக்கறி தின்கிறாய், அசுத்தம். பறை அடிக்கிறாய், பேய்க்குரியது. குலசாமியை நினைக்கிறாய், நரகம். நாள் முழுக்கப் பண்ணையில் உழைத்துவிட்டு வந்தவனுக்கு இரவுக் கூட்டத்தில் இதுதான் கிடைத்தது. அவனை உழைக்க வைத்துக் கூலி கொடுக்காதவனுக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது.

இதை அண்ணல் அம்பேத்கர் மிகத் தெளிவாகப் பார்த்தார். மதம் மாறிய கிறித்தவரின் நிலை பற்றிய கட்டுரையில் அவர் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார். தீண்டப்படாதவரின் தாழ்வுக்குக் காரணம் தவறான சமூக, மதச் சூழல்தான், அதைத்தான் அவர் தாக்க வேண்டும் என்று கிறித்தவம் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, உன் வீழ்ச்சிக்கு உன் பாவமே காரணம் என்று சொல்லிக் கொடுத்தது. அதனால் போராட வேண்டியவன் தன்னையே குற்றவாளியாகப் பார்த்து அடங்கினான். சைமன் குழுவிடம் தென்னிந்தியத் தீண்டப்படாத கிறித்தவர்கள் கொடுத்த மனுவையும் அதே கட்டுரையில் அவர் எடுத்துக் காட்டுகிறார். கிறித்தவர்களாவதற்கு முன் எப்படி இருந்தோமோ அப்படியே இன்றும் தீண்டப்படாதவர்களாக இருக்கிறோம் என்பது அந்த மனுவின் சாரம்.

எனவே பாவத்தைப் பேசலாமா கூடாதா என்பதல்ல, யாருடைய பாவம் என்பதே நம் கேள்வி. அன்புப் பிரசங்கம் சாதிக்காரனுக்கும் பாவப் பிரசங்கம் சேரிக்காரனுக்கும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. நாம் மறுக்க வேண்டியது இந்தப் பங்கீட்டை. பாவம் என்ற சொல்லையே தூக்கி எறிந்தால் ஆதாயம் முதல் வரிசைக்குத்தான்.

சுவிசேஷத்துக்குள்ளும் இதற்கு இடம் இருக்கிறது. லூக்கா எழுதியதில் யோவான் ஸ்நானகனிடம் மக்கள் வந்து என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்கள். அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகச் சொல்கிறார். இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவன் அதிகம் பிடுங்கக் கூடாது. படைவீரன் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது. ஏழையைப் பார்த்து நீ மனந்திரும்பிக் கூழைக் குறை என்று அவர் சொல்லவில்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொல்கிறார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் அங்கே மனந்திரும்புதல்.

சுவர்கள்

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். 1872-ல் கட்டிய ஆலயத்துக்கு இரண்டு கிளைகள், கால்சட்டை போல. வெள்ளாளரும் முதலியாரும் ஒரு காலில், நாடார் உள்ளிட்டோர் இன்னொரு காலில். இரண்டும் சேரும் இடத்தில் பலிபீடம். ஒரே குருவானவர் இரு பக்கமும் அன்பைப் போதிக்கலாம், ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வேண்டியதில்லை. 1910-ல் மறைமாவட்டத்தின் உத்தரவில் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று அறியப்படும் அந்த வழக்கில், ஆலயத்துக்குள் சாதி அடிப்படையில் தனி இடம் கேட்கும் உரிமை கிறித்தவர்களுக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையிலிருந்து முந்நூறு ஆண்டுகளாக வர வேண்டியிருந்த வாக்கியம், கடைசியில் நீதிமன்றத்திலிருந்து வந்தது.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே மறையுரையைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை எழுத வைத்தது தலித் கிறித்தவ இயக்கங்களின் பல பத்தாண்டுப் போராட்டம். ஆனால் ஆவணத்தில் இருப்பது பங்கு மேடைக்கு வந்துவிட்டதா? உங்கள் ஊரில் தேர் எந்தத் தெரு வரை வருகிறது என்று பாருங்கள், பதில் தெரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. கிறித்தவத்தில் சாதி இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. திருச்சபைகள் இருக்கிறது என்று டெல்லியில் மனுக் கொடுக்கின்றன. ஊரில் வந்து அதே வாக்கியத்தைப் பாவ அறிக்கையாகச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு சொல்

இதெல்லாம் இந்தியச் சாதிக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைக்க வேண்டாம். சென்னை மாநாடு நடந்த ஏழாம் ஆண்டு, 1857-ல், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை கூடியது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது, ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி ஆராதனை நடத்தலாம் என்று தீர்மானித்தார்கள். தரங்கம்பாடியில் இராஜநாயக்கனுக்குச் சொன்ன அதே காரணம். 1881-ல் அது தனிச் சபையானது. 1948-க்குப் பிறகு அதுவே நாட்டின் சட்டமாகி நின்றபோது, அதற்கு வேத ஆதாரமும் அதே திருச்சபை கொடுத்தது.

அந்தத் தனிச் சபையில் வளர்ந்தவர்கள்தான் திருப்பி அடித்தார்கள். 1982-ல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறி ஒரு பாவம், அதை இறையியலால் நியாயப்படுத்துவது கள்ளப் போதகம் என்று அறிவித்தது. அதே ஆண்டு பெல்ஹார் விசுவாச அறிக்கை வரைவாகி 1986-ல் ஏற்கப்பட்டது. 1985-ல் கறுப்பின இறையியலாளர்கள் முன்னின்று எழுதிய கைரோஸ் ஆவணம் இன்னும் நேராகப் பேசியது. ஒப்புரவு, அன்பு, சமாதானம் என்று இரு தரப்புக்கும் பொதுவாக உபதேசிக்கும் திருச்சபையை அது கண்டித்தது. அநீதி செய்தவர் மனந்திரும்பாமல் ஒப்புரவு என்பதே கிடையாது என்றது.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் நடந்த திருச்சபைகள் மாநாட்டில் வில்லி யோங்கர் என்ற வெள்ளை இறையியல் பேராசிரியர் எழுந்து, தன் பாவத்தையும் தன் திருச்சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதை ஏற்றுக்கொண்டார். இது மலிவான மன்னிப்பு என்று கோபப்பட்ட கறுப்பினத் தோழர்களும் இருந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. டுட்டுவே பலமுறை சொன்ன ஓர் உவமை இருக்கிறது. என் பேனாவைத் திருடியவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேனாவைத் தானே வைத்துக்கொண்டால் அது என்ன மன்னிப்பு? நிலம் இன்றும் பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருக்கும் நாட்டில் அந்தப் பேனா இன்னும் திரும்பி வரவில்லை. ஆனாலும் பாவம் என்ற சொல் சரியான முகவரிக்குப் போனதால், நிறவெறிக்கு இருந்த வேத ஆதாரம் என்ற முட்டுக்கட்டை விழுந்தது. தமிழ்நாட்டில் ஒரு ரஸ்டன்பர்க் இன்னும் நடக்கவில்லை.

ஒரே உலை

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்று நம் மக்கள் அழைத்தார்கள். தீட்டு என்று ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் எல்லோர் அரிசியும் வேக வேண்டும், அதைப் பகிர்ந்து உண்பதே திருவிருந்து என்பது அவர் வைத்த சிந்தனை. 1847-ன் விருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் பாருங்கள். அங்கே மேலே இருந்தவர் சோதனை வைத்தார். இங்கே கீழே நிறுத்தப்பட்டவர் தன் உலையை வைத்து, வா, உன் அரிசியையும் கொண்டு வா என்று அழைக்கிறார். அழைப்பதில் அன்பு இருக்கிறது. அரிசியோடு வர வேண்டும் என்பதில் மனந்திரும்புதல் இருக்கிறது.

முகாமில் கேட்ட அந்தத் தங்கைக்கு என் பதில் இதுதான். அன்பைப் பேசுகிறவர் பாவத்தையும் பேசியே ஆக வேண்டும். பேசாவிட்டால் அந்த அன்பு இருப்பதை இருக்கிறபடி காக்கும். ஆனால் பேசுகிறவர், மேடைக்கு எதிரே முதல் வரிசையில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். தலித்தின் கள்ளுக் கலயத்தைப் பார்த்துப் பேசியது போதும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பங்கிலும் சபையிலும் நாலு கேள்வி கேளுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? தேர் சேரிக்குள் வருகிறதா? பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும், சபை நடத்தும் பள்ளி கல்லூரி வேலைகளிலும் நம்மவர் எத்தனை பேர்? சாதி பாவம் என்று மேடையில் கடைசியாக எப்போது சொன்னார்கள்? வயதானவர்களிடம் கேட்டு, தேதியோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். இராஜநாயக்கனுக்கு ஏன் பட்டம் மறுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரிவது, அன்று யாரோ அதை எழுதி வைத்ததால்தான்.

அந்தப் பாட்டியிடம் மறுநாள் காலையில் கேட்டேன், அவர்கள் வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று. இட்லிப் பானையைத் திறந்துகொண்டே சொன்னார்: "மொதல்ல அந்தக் கல்லறச் செவுத்த இடிக்கட்டும். அப்புறம் வந்து பேசட்டும். சோறு நான் போடறேன்."